இருபத்தெட்டாம் படகின் நேரம்

கடலில் கோடு போட்டுப் பார்த்தார்கள். கோடு நிற்கவில்லை. அதனால் நேரத்தைப் பங்கு போட்டார்கள்.

ஒப்பந்தம் எளிது. பாக் நீரிணையின் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. இரவு பத்திலிருந்து காலை பத்து வரை அது யாழ்ப்பாணத்துப் படகுகளுக்கு. காலை பத்திலிருந்து இரவு பத்து வரை ராமேசுவரத்துப் படகுகளுக்கு. காவலுக்குக் கப்பல் கிடையாது. துப்பாக்கி கிடையாது. பட்டை முழுக்க மிதவைகள். ஒவ்வொரு படகின் எஞ்சினிலும் ஒரு பூட்டுப் பெட்டி. முறை முடிந்த பிறகும் உள்ளே நிற்கும் படகின் எஞ்சினை மிதவை பூட்டிவிடும். ஆறு மணி நேரம் திறக்காது.

எந்தப் படகுக்கு எப்போது முறை என்பதை மிதவைகளுக்குச் சொல்லும் தரவுத்தளம் இரண்டு நாட்டிலும் இல்லை. யாரும் யாரையும் நம்பாததால் ஐஸ்லாந்தில் வைத்தார்கள். அங்கே கோடையிலும் குளிரிலும் கடிகாரம் மாறாது. உலக நேரத்தின் பூஜ்யத்திலேயே நிற்கும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால்.

இரண்டு வருடமாக அந்தப் பட்டையில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அந்த மென்பொருளை எழுதிய குழுவில் நானும் என் மனைவி ஜெசிந்தாவும் இருந்தோம். ஜூன் மாதம் ஜெசிந்தா இறந்துபோனாள். காய்ச்சல். நான்கு நாள். அதன் பிறகு மண்டபம் கட்டுப்பாட்டு அறையில் ஞாயிற்றுக்கிழமைப் பணியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிறு வீட்டில் இருக்க முடியவில்லை.

டிசம்பர் மாதத்து ஒரு ஞாயிறு. காலை எட்டே கால். யாழ்ப்பாணத்துக் குருநகர் பதிவகத்திலிருந்து நிரோஜினி அழைத்தாள். எனக்கு இணையான வேலை, எதிர்க்கரையில். இரண்டு வருடமாகக் குரல் தெரியும், முகம் தெரியாது.

"டெரன்ஸ், ஒரு விசயம் கேக்கட்டோ? எங்கட படகுகளின்ர முறை இண்டைக்கு எத்தினை மணிக்கு முடியுது?"

"பத்து மணிக்கு. மாற்றம் இல்லைனு போன வாரமே சுற்றறிக்கை விட்டோமே."

"எந்தப் பத்து மணி?"

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இலங்கை முந்தைய நள்ளிரவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. அதற்கான மாற்றத்தை நான் இரண்டு வாரம் முன்பே செய்துவிட்டேன். ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது: அவரவர் முறை அவரவர் நாட்டு நேரப்படி.

"உங்க புது நேரப்படி பத்து. இங்க ஒன்பதரை."

அவளுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

"டெரன்ஸ், இண்டைக்கு ஆறு மணிப் பூசைக்கு மணி அடிச்சது. போனைப் பாக்கிறன், ஆறரை எண்டு காட்டுது. சனம் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. எல்லாரும் நேரத்துக்கு வந்து நிக்கினம். விளங்குதோ? ஊர் பழைய நேரத்திலதான் நிக்குது. தொண்ணூற்றாறில கொழும்பு நேரத்தை மாத்தேக்கையும் இஞ்ச கனபேர் பழைய நேரத்தைத்தான் வைச்சிருந்தவை எண்டு அப்பா சொல்லுவார்."

"படகுக்காரங்க?"

"அவை நேற்று இரவு கடலுக்குப் போகேக்கை பழைய நேரம். நடுக்கடலில நிக்கேக்கை நேரம் மாறிப் போச்சு. ஆருக்குத் தெரியும்? மாற்றம் இல்லை எண்டு நீங்கள் அனுப்பின அறிக்கையை நான்தான் சந்தியில ஒட்டினனான்."

திரையைப் பார்த்தேன். பட்டைக்குள் நாற்பத்தொரு படகுகள். எல்லாம் சிறிய கண்ணாடியிழைப் படகுகள், ஒன்றில் மூன்று பேர் அல்லது நான்கு பேர். வடகிழக்கிலிருந்து காற்று. தாழ்வு மண்டல எச்சரிக்கை இரண்டு நாளாக இருந்தது. எஞ்சின் ஓடினால் அலைக்கு முகம் கொடுத்துப் படகு நிற்கும். எஞ்சின் நின்றால் படகு பக்கவாட்டில் திரும்பும். அதற்குப் பிறகு நடப்பதைத் திரையில் பார்க்க முடியாது.

"வயர்லெஸ்ல கூப்பிட்டு இப்பவே வெளியே வரச் சொல்லுங்க."

"சொன்னனான். சிரிக்கினம். வலை ஏத்தி முடிக்கவே இன்னும் ஒரு மணித்தியாலம் வேணும். பிறகு ஓடி வர அரை மணித்தியாலம். நீங்கள் பூட்டை நிப்பாட்டேலாதோ?"

"ரெண்டு நாட்டுக் கையெழுத்தும் வேணும். அதுக்கு மேல ஏழு நாள் அவகாசம்."

ஐஸ்லாந்துக்கு அழைத்தேன். ஞாயிறு. அங்கே அதிகாலை மூன்று மணி. அவசர எண் ஒன்று உண்டு. நான் வரிசையில் இருப்பதாகவும் தோராயக் காத்திருப்பு நூற்றுப் பத்து நிமிடம் என்றும் ஒரு பதிவுக்குரல் சொன்னது. அலுவலகத்தில் இருந்த இன்னொரு தொலைபேசியில் அதை ஓடவிட்டேன். மெல்லிய பியானோ இசை வந்துகொண்டே இருந்தது.

எங்கே தவறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தவறு எதுவும் இல்லை என்பதுதான் தவறு.

மென்பொருளை வடிவமைத்தபோது ஜெசிந்தா ஒவ்வொரு படகின் வரிசையிலும் 'நேரம்' என்று ஒரு கட்டம் வைத்தாள். பக்கத்திலேயே 'சொன்னவர்' என்று இன்னொன்று. எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு கரைக்கும் ஒரே ஐந்தரை. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு எதற்குத் தனி நேரம்? அமெரிக்காவுக்கு எழுதுகிறவன் யோசிப்பான். நாம் ஏன் யோசிக்க வேண்டும்? படகுகளைப் பதிவு செய்ய அவள் நான்கு நாள் குருநகர் போய் வந்தாள். வந்த அன்று சாப்பிடும்போது, ஒவ்வொருத்தரிடமும் கேட்டுவிட்டேன் என்று ஏதோ சொன்னாள். நான் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எல்லாப் படகுக்கும் ஒரே கட்டளையில் ஐந்தரை என்று நிரப்பினேன். 'சொன்னவர்' எல்லாம் காலி.

இலங்கை கடிகாரத்தை மாற்றும் செய்தி வந்தபோது, அவள் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். அந்தக் கட்டத்தைத் திறந்து இலங்கைப் படகுகள் அனைத்துக்கும் ஆறு என்று போட்டேன். இரு அரசும் கையெழுத்திட்டன. அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் அன்று காலை ஒன்றுமே நடந்திருக்காது.

"நிரோஜினி, ஒரு வழி இருக்கு. ஒரு படகோட விவரத்தை அந்தப் படகுக்காரரே மாத்தச் சொல்லலாம். எஞ்சின் நம்பர், போன் நம்பர் மாத்துற மாதிரி. அதுக்கு ஏழு நாள் தேவையில்ல. நீங்க எழுதணும், நான் ஒப்பணும். அவ்வளவுதான்."

"நேரத்தையும் மாத்தலாமோ?"

"நேரம் நாட்டோட வரிசையில இல்ல. படகோட வரிசையில இருக்கு." சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. ஜெசிந்தா ஏன் அங்கே வைத்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

"அரசாங்க நேரத்தை விட்டிட்டுப் பழைய நேரத்தை எழுதினா, கேக்க மாட்டினமோ?"

"கேப்பாங்க. அதனால ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு, அவங்க சொன்னதைத்தான் எழுதணும். இந்த வழியில 'சொன்னவர்' காலியா இருந்தா ஏத்துக்காது. குரலையும் பதிவு பண்ணுங்க."

"நாப்பத்தொரு பேர்."

"ஒன்பதரை வரைக்கும் நேரம் இருக்கு."

எட்டு இருபத்தேழு. அவள் வயர்லெஸ்ஸைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எல்லாமே எனக்குக் கேட்டது.

"ஒண்டு, ஒண்டு. நிரோ கதைக்கிறன். அண்ணை, உங்கட படகு புது நேரமோ பழைய நேரமோ?"

"என்ன பிள்ளை, விடியக் காத்தால விசர்க்கதை? கடலுக்கென்ன புது நேரம்?"

"ஒண்டைச் சொல்லுங்கோ அண்ணை, எழுத வேணும்."

"பழைய நேரம். பழைய நேரம். வைக்கட்டோ?"

அவள் எழுதினாள். என் திரையில் வந்தது. ஒப்பினேன். அது ஐஸ்லாந்து போய், பதிவாகி, பச்சைக் குறியாகத் திரும்பி வர எட்டு நொடி. ஒன்று.

ஐந்தாம் படகுக்காரர் தன் மைத்துனனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பதினோராம் படகில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பதினான்காம் படகுக்காரருக்குச் சந்தேகம்.

"அது... அரசாங்கம் சொன்னா கேக்கத்தானே வேணும். புது நேரம் எண்டு போடு."

"அண்ணை, புது நேரமெண்டா இன்னும் கொஞ்சத்தில உங்கட எஞ்சின் நிண்டிடும்."

"அப்பிடியோ? அப்ப பழைய நேரம் எண்டு போடு பிள்ளை. அரசாங்கத்துக்கு நான் ஆறுதலாச் சொல்லுறன்."

நிரோஜினி சிரித்தாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. ஒப்பினேன்.

எட்டு ஐம்பத்திரண்டு. பதினெட்டுப் படகுகள் முடிந்தன. அப்போது எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. கை நின்றுவிட்டது.

"நிரோஜினி. ஒன்பதரை இல்ல."

"என்ன?"

"மிதவைங்க கால் மணிக்கு ஒரு தடவைதான் பட்டியலைப் படிக்கும். படிச்சதை அடுத்த கால் மணியிலதான் நடத்தும். ஒன்பதரைக்கு நடக்கப் போறது ஒன்பதே காலுக்குப் படிச்சது. நமக்கு ஒன்பதே கால்தான்."

"இதை இப்பதானோ சொல்லுவியள்?"

"ஆமா."

அதற்குமேல் அவள் என்னிடம் பேசவில்லை. படகுகளிடம் மட்டும் பேசினாள். கேள்வி சுருங்கியது. "பத்தொன்பது, புதுசோ பழசோ?" "பழசு." "இருவது?" "பழசு." "இருவத்தொண்டு?" பேச்சில் இருந்த அண்ணையும் தம்பியும் உதிர்ந்துபோனார்கள்.

ஒன்பது மணிக்கு என் கைப்பேசி அடித்தது. ஜெரோம். ஜெசிந்தாவின் அண்ணன். விசைப்படகு டிரைவர். பட்டையின் இந்த ஓரத்தில் ஐம்பது படகுகளோடு முறைக்காகக் காத்திருந்தான்.

"மாப்ள, அவங்க ஊர்ல மணி மாறிருச்சாமே? அப்ப ஒன்பதரைக்கே அவங்க முறை முடிஞ்சிருமில்ல?"

"இப்ப பேச முடியாது மச்சான்."

"ஒரு நிமிசம். அரை மணி நேரம் கடல் சும்மாதான கெடக்கும்? எங்களை உள்ள விட்டா என்ன? இங்க எல்லாரும் வலைய எறக்கத் தயாரா நிக்கிறானுக."

"உள்ள படகு நிக்குது. பத்து மணிக்கு முன்னாடி ஒருத்தரும் வரக்கூடாது. பத்துக்கு மேலயும் பார்த்துத்தான் வரணும். நீ சொன்னா கேப்பாங்க, சொல்லு."

"ஏன்டா இப்படி மெஷின் மாதிரி பேசுற? எந்தங்கச்சி இருந்தா விட்டிருப்பா."

"உன் தங்கச்சி இருந்தா இந்தச் சிக்கலே வந்திருக்காது."

"சரி, நிப்பாட்டுறேன்" என்று வைத்துவிட்டான். அந்தப் பேச்சில் இரண்டு படகுகள் பின்தங்கிவிட்டன. ஒப்பினேன். ஒப்பினேன்.

ஒன்பது பன்னிரண்டு. நாற்பது பச்சை. ஒன்று மட்டும் வெள்ளை. இருபத்தெட்டு.

"இருவத்தெட்டு. இருவத்தெட்டு." அவள் வரிசையில் அதைத் தாண்டிப் போயிருந்தாள். இப்போது திரும்ப வந்தாள். "இருவத்தெட்டு, கேக்குதோ?"

இரைச்சல் மட்டும்.

"இருவத்தெட்டு."

ஒன்பது பதின்மூன்று.

"அதை விடுங்கோ டெரன்ஸ்." குரல் சமமாக இருந்தது, பட்டியல் வாசிப்பதுபோல. "கேக்காமல் எழுதேலாது. ஒண்டு பொய்யெண்டா நாப்பதும் பொய்யெண்டு சொல்லுவினம். நாப்பது பேரின்ர அனுமதியும் போகும்."

"படகுல எத்தனை பேர்?"

"மூண்டு பேர். விடுங்கோ."

அவள் சொன்னது நியாயம். நானே வைத்த விதி. வெளியே ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. இன்னொரு தொலைபேசியில் பியானோ ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஜெசிந்தா சொன்னது அப்போதுதான் முழுதாக வந்தது. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டேன் டெரன்ஸ். மணியை மாத்துனா எதை வெச்சு ஓட்டுவீங்கன்னு கேட்டேன். நல்லாச் சிரிச்சாங்க தெரியுமா?

இருபத்தெட்டின் வரிசையைத் திறந்தேன். நேரம்: ஐந்தரை. சொன்னவர்: ஜெசிந்தா. அனுப்பினேன்.

"நான் எழுதிட்டேன். இந்தத் தடவை நீங்க ஒப்பணும்."

அவள் திரையில் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஜெசிந்தாவை அவளுக்குத் தெரியும். இறந்ததும் தெரியும். ஜூன் மாதம் அந்த அலுவலகத்திலிருந்து வந்த இரங்கல் கடிதத்தில் முதல் கையெழுத்து அவளுடையது.

ஒன்பது பதினான்கு. இருபது நொடி. முப்பது. மூச்சு விடும் ஒலி கேட்டது. நாற்பது.

ஒப்புதல் வந்தது. அது ஐஸ்லாந்து போனது. எட்டு நொடியை எண்ணினேன். ஆறிலேயே பச்சை வந்துவிட்டது.

ஒன்பதே காலுக்கு மிதவைகள் படித்தன. ஒன்பதரைக்கு நாற்பத்தொரு படகுகளும் ஓடிக்கொண்டிருந்தன. பத்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது கடைசிப் படகு பட்டையைத் தாண்டியது. அது இருபத்தெட்டு. பத்து மணி ஆகியும் ஜெரோம் பத்து நிமிடம் தாமதித்துத்தான் உள்ளே போனான். யார் கேட்டும் காரணம் சொல்லவில்லையாம்.

பத்தே காலுக்கு ஐஸ்லாந்தில் ஒருவர் தூக்கக் குரலில் எடுத்தார். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன்.

பிற்பகல் நிரோஜினியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "வயர்லெஸ் செற்றை நிப்பாட்டிப்போட்டு வலை ஏத்தினவராம். காலமை சண்டை பிடிக்க நினைச்சனான். வீட்டை வந்திட்டார். சோறு போட்டனான்."

இரண்டாவது தடவை படித்தபோதுதான் புரிந்தது: இருபத்தெட்டாம் படகு அவள் வீட்டுக்காரருடையது. விடுங்கோ என்று அவள் சொன்ன குரலைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. சென்னையிலிருந்து உமையாள் என்று ஓர் அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாற்பது பதிவுகளையும் குரல்களோடு ஒவ்வொன்றாகக் கேட்டார். பதினான்காம் படகின் குரலுக்கு மட்டும் லேசாகப் புன்னகைத்தார். பிறகு கடைசித் தாளை எடுத்தார்.

"இருபத்தெட்டு. சொன்னவர் ஜெசிந்தா. இவங்கதான் படகுக்காரரா?"

"இல்ல மேடம். என் மனைவி."

"வரச் சொல்லுங்க. பேசணும்."

"ஜூன்ல இறந்துட்டாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டெரன்ஸ், நான் உங்களுக்கு எதிரா வரல. ஆனா ஜூன்ல இறந்தவங்க டிசம்பர்ல சொன்னதா எழுதியிருக்கீங்க. இந்த ஒண்ணு பொய்னு நான் எழுதினா மத்த நாப்பதையும் ரத்து பண்ணித்தான் ஆகணும். அந்தப் பக்கத்து அம்மாவுக்கும் வேலை போகும். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அவ ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிட்டா மேடம். நான்தான் காதுல வாங்கல."

பையிலிருந்து ஜெசிந்தாவின் பழைய கைப்பேசியை எடுத்தேன். விசாரணைக் கடிதம் வந்த அன்றுதான் அவள் அலமாரியைத் திறந்தேன். ஆறு மாதமாகத் திறக்கவில்லை. கைப்பேசிக்கு மின்னேற்றி கிடைக்க இரண்டு நாள் ஆனது. உள்ளே குருநகர் என்று ஒரு கோப்புறை. ஒவ்வொரு படகுக்கும் ஒரு குரல் பதிவு, எண்ணோடு. இருபத்தெட்டும் இருந்தது. இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். திறக்கவில்லை.

"தேதி, நேரம் இருக்கா?" என்றார் அதிகாரி.

காட்டினேன்.

"காலைல நாலு மணியா? அந்நேரத்துக்கா போய்க் கேட்டாங்க?"

"அது ஐஸ்லாந்து நேரம் மேடம். எங்க பதிவெல்லாம் அதுலதான் இருக்கும். ஐந்தரையைக் கூட்டிக்கோங்க. ஒன்பதரை."

"போடுங்க."

விரல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. அவர் அவசரப்படுத்தவில்லை.

அலை. காக்கை. படகு எஞ்சின் ஒன்று தூரத்தில். அப்புறம் அவள்.

"அண்ணே, கடைசியா ஒரு கேள்வி. ஒருவேளை உங்க அரசாங்கம் நாளைக்கு மணியை மாத்திருச்சுன்னு வைங்க. நீங்க எந்த மணியை வெச்சுக் கடலுக்குப் போவீங்க?"

"இதென்ன கேள்வி தங்கச்சி? மணியை மாத்தினா மீன் மாறுமோ? நாங்கள் பழைய நேரத்திலதான் போவம். எங்கட சனம் முழுக்க அப்பிடித்தான்."

"அப்படியே எழுதிக்கிறேன். உங்க பேரு?"

"அன்ரன். இருவத்தெட்டு. எழுதுங்கோ."

அவள் சிரித்தாள். அவ்வளவுதான் பேச்சு. பதிவை நிறுத்த அவள் மறந்திருக்க வேண்டும். காற்றும் அலையும் மட்டும் ஓடின. மணலில் அவள் நடக்கும் ஓசை.

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு போதும் என்பதுபோல் கையை உயர்த்தினார்.

"இருக்கட்டும் மேடம்" என்றேன். "இன்னும் பதினோரு நொடி இருக்கு."